ஒரு சாண் மேல்மண்

லிப்ட் மெக்கானிக்கின் மாமனார் மூன்றாம் மாடியிலிருந்து கீழே இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் குடியிருந்த வாடகைக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஊரில் உயர உயரமாக நிற்கிற அத்தனை கட்டடங்களிலும் ஜனங்களை ஏற்றி இறக்க வழி செய்துகொண்டிருந்த மருமகனால் சொந்த மாமனாரைத் தெருவுக்கு இறக்க முடியவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கீழே போகிற பஸ்களைப் பார்த்து, "பிரேக்கை இப்படியா மிதிப்பான், பொறுக்கி" என்று திட்டுவதுதான் அவருடைய அன்றாட அலுவல்.

அவருக்காகத்தான் வீடு கட்டினார்கள். ஊர் எல்லைக்குப் பக்கத்தில், சின்ன மனையில், தரைத்தளம் மட்டும். வாசலில் படி வைக்காமல் சரிவு வைத்தார்கள். குளியலறைக் கதவை நாற்காலி நுழைகிற அகலத்துக்குப் போட்டார்கள். மெக்கானிக்கின் விடுப்புச் சம்பளம், மனைவியின் போனஸ், மாமனாரின் ஓய்வூதியம், எல்லாம் சுவராகவும் கூரையாகவும் மாறின. பெயின்ட் காய்ந்து, விளக்கெல்லாம் எரிந்து, கதவெல்லாம் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளத் தொடங்கியபோது பாக்கி இருந்தது தண்ணீர் இணைப்பு ஒன்றுதான்.

அதற்காக மெக்கானிக் ஒரு நாள் மேல்மண் மற்றும் நீர்ச் சிக்கன வாரியத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் அவர் கொடுத்த காகிதங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார்.

"வீடெல்லாம் சரி. மண்ணு எங்க?"

"மண்ணா?"

"மேல்மண்ணு. வீட்டைச் சுத்தி ஒரு சாண் ஆழத்துக்கு நல்ல மண்ணு இருக்கணும். அதுல மக்கின உரம் கலந்திருக்கணும். அப்பதான் பெய்யிற மழையை மண்ணு பிடிச்சு வைக்கும், தோட்டத்துக்குத் தண்ணி கம்மியா செலவாகும். மண்ணு சரியா இருந்தாத்தான் இணைப்பு."

மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். நியாயமாகச் சொன்னால் விதி நல்ல விதிதான். கோடையில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. மண் தண்ணீரைப் பிடித்து வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவருக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்தது.

"மேடம், எங்க மனையிலயே நல்ல கறுப்பு மண்ணு இருந்துச்சு. அஸ்திவாரம் போடறதுக்கு முன்னாடி மேல இருக்கற மண்ணை வழிச்சு எடுத்தாத்தான் அனுமதின்னு உங்க ஆபீஸ்லதான் சொன்னாங்க. லாரி கொண்டுவந்து அள்ளிட்டுப் போனதும் உங்க ஆளுங்கதான்."

"அது மண் அகற்றும் பிரிவு. மாடியில இருக்காங்க. நாங்க மண் சேர்க்கும் பிரிவு."

"ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா?"

"சாப்பிடும்போது பேசிக்குவோம். ஆனா அப்ப ஆபீஸ் விஷயம் பேசக் கூடாதுன்னு ஒரு ஒழுங்கு வச்சிருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார் அந்த அம்மாள்.

மண்ணை எங்கே வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. வாரியத்தின் கிடங்கில்தான் வாங்க வேண்டும். அலுவலகத்துக்குப் பின்னால் மலை மாதிரி குவித்து, மேலே தார்ப்பாய் போர்த்தி, காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். மெக்கானிக் இரண்டு நாள் லீவு போட்டு மண்ணைக் கொண்டுவந்து இறக்கினார். மனைவியும் வேலை முடிந்து வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். அவளுக்கு ஒரு பெரிய நிறுவனத்தில், தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் குறை கேட்கிற வேலை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிப் பழகியவள்.

மண்ணைப் பரப்பும்போது மண்வெட்டியில் ஏதோ 'ணங்' என்று பட்டது. குனிந்து எடுத்தாள். ஒரு சின்ன ஸ்பானர். பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

"என்னங்க, இது உங்களுது இல்ல? மனைக்குக் கயிறு கட்டினப்ப தொலைச்சிட்டேன்னு வீட்டையே தலைகீழா ஆக்கினீங்களே!"

மெக்கானிக் வாங்கித் துடைத்துப் பார்த்தார். அவருடையதேதான். கொஞ்ச நேரம் மண்ணையும் ஸ்பானரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம மண்ணைத்தான் நமக்கே வித்திருக்கானுங்க" என்றார்.

"போகட்டும் விடுங்க. வீட்டை விட்டு இருக்க முடியாம திரும்பி வந்திருக்கு" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் கள ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் பேட்ஜ், கையில் ஆள் உயர இரும்புக் கம்பி. அந்தக் கம்பியின் காரணமாகவே அவருக்குக் கம்பியார் என்று மனைவி அப்போதே பெயர் வைத்துவிட்டாள். அவர் கம்பியை மண்ணில் குத்தி, எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு சாண் இல்லையே."

மெக்கானிக் தன் கையை விரித்து வைத்துக் காட்டினார். சரியாக இருந்தது.

"உங்க சாண் எங்களுக்கு எதுக்கு? வாரியத் தலைவரோட சாண்தான் அளவு. முதல் விதியே அதுதான். போன தலைவர் குள்ளம், சின்னக் கை. அவர் காலத்துல வந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க. இப்ப இருக்கறவருக்கு நல்ல நீளமான கை."

"அடுத்து வர்றவருக்கு இன்னும் பெருசா இருந்தா?"

"அதனாலதான் சீக்கிரம் முடிச்சுக்கங்கன்னு சொல்றேன்" என்றார் கம்பியார் அக்கறையோடு.

மறுபடியும் கிடங்கு, மறுபடியும் லாரி. தலைவரின் நீளமான கைக்கு ஏற்றபடி மண் உயர்ந்தது. கம்பியார் வந்து குத்திப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, ஆய்வுக்கென்று ஒரு பக்கெட் மண்ணை அள்ளிக்கொண்டு போனார். மெக்கானிக் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

நான்கைந்து நாளில் கம்பியார் திரும்பி வந்தார். பேட்ஜ் மட்டும் பச்சை நிறத்துக்கு மாறியிருந்தது. வாசலில் நின்று, "இதுதான் அந்த வீடா?" என்று கேட்டார்.

"என்ன சார், போன வாரம்தானே வந்தீங்க?"

"வந்தது ஆழப் பிரிவு ஆய்வாளர். நான் உரப் பிரிவு ஆய்வாளர்."

"அவரும் நீங்கதானே சார்?"

"ஆள் ஒண்ணுதான். பதவி வேற. அவர் என்ன எழுதினார்னு நான் பார்க்கக் கூடாது. பார்த்தா பாரபட்சம் வந்துடும்."

அவரும் ஒரு பக்கெட் மண் அள்ளினார். அப்புறம் மஞ்சள் பேட்ஜ் வந்தது, மண்புழுப் பிரிவு. அவர் இரண்டு பக்கெட் எடுத்தார், ஏனென்றால் புழு ஒரு பக்கெட்டில் இல்லாமல் இன்னொன்றில் இருக்கக்கூடும். அதற்கப்புறம் சாம்பல் பேட்ஜோடு சரிபார்ப்புப் பிரிவு. முந்தைய எல்லாப் பிரிவுகளும் எடுத்ததைச் சரிபார்க்க அவ்வளவுக்கும் சமமாக எடுத்தாக வேண்டும் என்றது. கடைசியில் முதலில் வந்த ஆழப் பிரிவே திரும்பி வந்து கம்பியைக் குத்தியது.

"ஆழம் குறைஞ்சிருக்கே" என்றார் கம்பியார், வருத்தத்தோடு. "இந்த ஜனங்களே இப்படித்தான். நாங்க போனதும் மண்ணை எடுத்து வித்துடறாங்க."

மெக்கானிக்குக்கு நெற்றி நரம்பு புடைத்தது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

இத்தனையையும் தாண்டி ஒரு வழியாக ஈரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். மண் தண்ணீரைப் பிடித்து வைக்கிறதா என்று பார்ப்பது அந்தப் பிரிவின் வேலை. தண்ணீர் ஊற்ற வேண்டும், சில நாள் கழித்துத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் இருந்தால் தேர்ச்சி. அங்கங்கே புல் முளைத்திருந்தால் விசேஷம்.

"தண்ணிக்கு எங்க சார் போறது? அதுக்குத்தானே இந்தப் பாடு?" என்றார் மெக்கானிக்.

"அதை நாங்க சொல்லக் கூடாது. சொன்னா தேர்வுக்கு முன்னாடி கேள்வித்தாளைக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

வாடகை வீட்டிலிருந்து கேன் கேனாகப் பிடித்து, மூன்று மாடி இறக்கி, ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்துக் கொண்டுபோய் ஊற்றினார்கள். மெக்கானிக்கின் தோள் கழன்றுவிடும்போல் ஆயிற்று. ஆய்வு நாளில் கம்பியார் நீலப் பேட்ஜோடு வந்து மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்தார். முகம் மலர்ந்தது. அடுத்த கணமே சுருங்கியது.

"ஈரமா இருக்கே?"

"ஆமா சார்!"

"இணைப்பே இல்லாத இடத்துல ஈரம் எப்படி வந்துச்சு?"

மெக்கானிக் உள்ளதைச் சொன்னார். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் எத்தனை கேன் சுமந்தார்கள் என்பதையும் ஒரு பெருமையில் சொல்லிவிட்டார்.

"குடியிருப்புக்குக் கொடுத்த தண்ணியைக் கட்டடத்துக்கு எடுத்துட்டு வந்திருக்கீங்க. இது சிக்கன விதி மீறல். ஈரமில்லாத மண்ணா இருந்திருந்தா வெறும் தோல்வி. இது ஈரமான மண்ணு. ரொம்பத் தப்பு."

மறுவாரம் நல்ல மழை பெய்தது. மெக்கானிக் வேலையைப் பாதியில் விட்டு வாரியத்துக்கு ஓடினார். மண் நனைந்திருக்கிறது, யாரும் சுமந்து ஊற்றவில்லை, வந்து பாருங்கள் என்றார். மழை ஈரம் கணக்கில் வராது, அது வானிலைத் துறையைச் சேர்ந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் மாமனார் முதலில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, எப்ப போறோம்?"

"ஈரம் பார்க்கணும் மாமா."

"எது, சுவரா?"

"சுவரெல்லாம் காஞ்சிடுச்சு மாமா. மண்ணுதான் ஈரமாகணும்."

"கட்டுன வீட்டுக்குச் சுவரு காயணும்பாங்க. மண்ணு ஈரமாகணும்னு நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

அப்புறம் நாளுக்கு ஒரு தடவை கேட்டது வாரத்துக்கு ஒரு தடவை ஆனது. பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். பஸ்களைத் திட்டுவதும் குறைந்துபோயிற்று. ஒரு மாலை மெக்கானிக் வேலையிலிருந்து வந்தபோது கீழே ஒரு பஸ் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. மாமனார் ஜன்னலோரம்தான் இருந்தார். ஆனால் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பியாரின் எல்லா நிறப் பேட்ஜையும் தாங்கிய மெக்கானிக்குக்கு அது தாங்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, சத்தம் வெளியே கேட்காதபடி முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் வாரியத்திலிருந்து தொலைபேசி வந்தது. புது வீட்டுக்கு விருது கிடைத்திருக்கிறதாம். தம்பதி சகிதம் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுமாம்.

"மண்ணு தேறிடுச்சோ என்னமோ" என்றார் மெக்கானிக். மனைவி இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

வாரியத்தின் முன்புறம் பச்சைப் பசேலென்ற புல்வெளி. மெக்கானிக் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக். ஒரு ஆள் பெரிய குழாயைப் பிடித்து அதைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சாலைவரை ஓடியது.

"எதுக்குங்க இதுக்குத் தண்ணி?"

"தூசி படிஞ்சா செயற்கைப் புல்லுன்னு தெரிஞ்சிடும் சார். கழுவிவிட்டா நிஜம் மாதிரி இருக்கும்" என்றார் அவர்.

அரங்கில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். தலைவர் மேடைக்கு வந்தார். கை உண்மையிலேயே நீளம்தான். மைக்கை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பிடித்தார்.

"நண்பர்களே! ஒரு சொட்டு நீர் ஒரு சொட்டு உயிர். சென்ற ஆண்டு நம் வாரியம் இலக்கைத் தாண்டி நீரைச் சேமித்திருக்கிறது. எப்படி என்று கேட்கிறார்கள். நான் மறைக்கவில்லை. புதிய வீடுகளுக்கு ஓர் இணைப்புகூடக் கொடுக்கவில்லை!" கைதட்டல். "மண் சரியில்லாத வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தால் வீண். தண்ணீர் இல்லாத வீட்டில் மண் சரியாக இருக்க வழியில்லை. ஆகவே இந்தத் திட்டம் ஒருபோதும் தோற்காது! கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குளித்திருப்பார்கள். துவைத்திருப்பார்கள். சிலர் குடித்தும் இருப்பார்கள். மக்களை நம்பித் தண்ணீரைச் சேமிக்க முடியாது நண்பர்களே. மக்களிடமிருந்துதான் சேமிக்க வேண்டும். அப்படிக் கட்டி முடித்த நாள் முதல் ஒரு சொட்டுகூடச் செலவழிக்காத ஓர் இல்லத்தை இன்று நாம் கௌரவிக்கிறோம்."

மெக்கானிக்கை மேடைக்கு அழைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தங்க நிறத் துளியைக் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்குக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, எங்க வீட்டுக்கு இன்னும் தண்ணி வரல. அதனாலதான் செலவு பண்ணல. எங்க மாமனார் நடக்க முடியாதவரு. அவருக்காகக் கட்டின வீடு. தயவுசெஞ்சு ஒரு குழாய் குடுங்க."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்கள்! எவ்வளவு அடக்கம்! விருது வாங்கும்போதும் தன் பெருமை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் சூழ்நிலைதான் காரணம் என்கிறார்!"

எழுந்து நின்று தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் மெக்கானிக் இரண்டாம் தடவை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவி கண்ணாடிப் பெட்டியைச் செருப்பு வைக்கிற இடத்தில் வைத்தாள்.

"என் வேலையில ஒண்ணு கத்துக்கிட்டேங்க. கேட்டுக்கிட்டே இருக்கறவங்களுக்கு நாங்க நன்றி சொல்லுவோம். அவ்வளவுதான். இனிமே கேக்க வேணாம். ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

"தண்ணி?"

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட பேசிட்டேன்."

புது வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். பழைய வீடு, பழைய இணைப்பு. "இதுக்கா இத்தனை மாசம் தவிச்சீங்க? என்கிட்ட முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று திட்டிவிட்டு, மதில்மேல் ஒரு ரப்பர் குழாயைப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கோடு வேலை செய்கிறவர்கள் நான்கு பேர் வந்தார்கள். லிப்ட் மோட்டாரையே தோளில் சுமந்து மாடி ஏறுகிறவர்கள். சக்கர நாற்காலியோடு மாமனாரைத் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது திருப்பத்தில் திறந்தார். அதற்கப்புறம் வாய் நிற்கவில்லை. "மெதுவா, மெதுவா! வளைவுல ஹாரன் அடிக்கணும்டா! இடது ஒடி, இடது! பின்னாடி வர்றவன் இடைவெளி விடு!" தெருவில் இறக்கி வைத்ததும் அவர் சக்கரத்திலிருந்து கையை எடுத்து, குனிந்து சாலையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

புது வீட்டில் மூன்றாம் நாளே கம்பியார் வந்துவிட்டார். விருது பெற்ற வீட்டுக்குத் தொடர் கண்காணிப்பு உண்டாம். பேட்ஜ் தங்க நிறத்தில் மின்னியது. கொடியில் துண்டு சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன இது? துவைச்சிருக்கீங்க!"

"ஆமா."

"குளிச்சீங்களா?"

"எங்கப்பா ரெண்டு வேளை" என்றாள் மனைவி.

கம்பியார் மதில்மேல் கிடந்த ரப்பர் குழாயைப் பார்த்தார். விருது வாங்கிய வீடே இப்படிச் செய்தால் நாடு எங்கே போகும் என்று கேட்டார். விருது ரத்து என்றார். செருப்புகளுக்கு நடுவிலிருந்து அந்தத் தங்கத் துளியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"தண்ணி உபயோகிக்கறது கண்டுபிடிக்கப்பட்ட வீடு. இந்த மாதிரி வீட்டை இப்படியே விட முடியாது. எவ்வளவு உபயோகிக்கறாங்கன்னு வாரியத்துக்குத் தெரிஞ்சாகணும். கட்டாய மீட்டர்."

மெக்கானிக்குக்குக் காது அடைத்தது. "மீட்டர்னா... அதுல குழாய் இருக்குமா சார்?"

மனைவி அவர் காலை அழுத்தி மிதித்தாள். அவளுடைய குரல் மாறிற்று. அலுவலகத்தில் அவள் இத்தனை வருடம் தினமும் தொலைபேசியில் கேட்ட, கெஞ்சுகிற வாடிக்கையாளரின் குரல் அது.

"ஐயோ சார், மீட்டர் மட்டும் வேணாம் சார். வேற என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. வீட்டுக்குள்ளயே பைப்பை இழுத்துவிட்டுட்டா நாங்க என்ன பண்ணுவோம்? அக்கம்பக்கத்துல தலை காட்ட முடியுமா?"

"அதெல்லாம் தப்பு பண்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்மா."

"கொஞ்சம் டைம் குடுங்க சார். அடுத்த வருஷம்..."

"நாளைக்கே!" என்றார் கம்பியார்.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாசலிலிருந்து சுவர்வரை பள்ளம் வெட்டினார்கள். பிரிவு பிரிவாக வந்து அளந்த அந்த மண்ணைத் தெருவுக்கு வாரி இறைத்தார்கள். ஒரு சாண் இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பைப்பைப் பதித்து, மீட்டரைப் பொருத்தி, குழாயைத் திருகினார்கள். அது ஒரு தடவை இருமி, செம்மண் நிறத்தில் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது.

"இனிமே மாசாமாசம் வந்து படிச்சிட்டுப் போவோம். தப்பவே முடியாது" என்று கம்பியார் எச்சரித்தார்.

மெக்கானிக்கும் மனைவியும் தலையைக் குனிந்து, கையைக் கட்டி, தண்டனை பெற்றவர்களாக வாசலில் நின்றார்கள். ஜீப் கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்வரை அசையாமல் நின்றார்கள்.

"போயிட்டாங்க. இப்பச் சிரிக்கலாம்" என்றாள் மனைவி.

மெக்கானிக் முயன்று பார்த்தார். வாய் கோணிற்றே தவிர, சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமாக அலுவலக வாசல்களில் இதே முகத்தை வைத்துக்கொண்டு நின்றதில் அது அப்படியே படிந்துபோயிருந்தது. கையால் கன்னத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். மனைவி அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நெருங்கி நின்றாள்.

உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தத்தையும் மீறி மாமனாரின் குரல் கேட்டது.

"மாப்ள! யாரது வெளிய நிக்கிறது? அடுத்த பக்கெட்டை வைங்க, வழியுது!"